வெயிலில் காயவைத்து, வாடையில் மூடிவைத்து

கறியுப்பைப் போலக் கறாரான ஈரமானி வேறில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கியதும் இழுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காயும். கடலுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முந்திக்கொண்டு கசியும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையின் காற்று இந்த எல்லைக்கோட்டை ஒட்டியே ஏறி இறங்குகிறது. வாசலடியில் கடல், பின்புறத்தே வடமராட்சியின் கடல்நீரேரி. விடியற்காலையில் காற்று கோட்டுக்கு மேலே நிற்கும், நடுப்பகல் வெயிலில் கீழே வரும், பொழுதுபட்டதும் மறுபடி ஏறும். அந்த நீரேரி கடலோடு சேருமிடம் மேற்கே அடுத்த ஊரான தொண்டைமானாறு. நீரேரியின் ஓரத்தில், கரணவாய்ப் பக்கத்தில், உப்பு தானாகவே விளைந்தது. அதை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காகவே சோழத் தளபதி கருணாகரத் தொண்டைமான் அங்கே வாய்க்கால் வெட்டினான் என்பது பழைய மரபு. மரபு எப்படியிருந்தாலும், உப்பு விளைகிற இடத்தில் வருடத்தில் சில மாதங்களாவது காற்று நீரை வாங்கிக்கொள்கிறது என்பது உறுதி. அதே ஊரின் குசினியில் உப்புச் சட்டி கசிகிறது என்றால், மற்ற வேளைகளில் அந்தக் காற்றே நீரைக் கொண்டுவந்து திணிக்கிறது என்பதும் உறுதி.

இந்த இருமுகக் காற்றோடு வல்வெட்டித்துறையும் அதைச் சூழ்ந்த வடமராட்சியும் பல தலைமுறை பிழைத்த விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. காற்றை உலர்த்த அங்கே யாரும் முயலவில்லை. காற்று வாங்குகிற வேளையில் பொருளிலிருந்து நீரை எடுத்தார்கள். காற்று கொடுக்கிற வேளையில் பொருளை அதனிடமிருந்து மறைத்தார்கள். ஒடியலும் புகையிலையும் கருவாடும் விதைநெல்லும் கப்பற் பலகையும் இந்த ஒரே ஒழுங்குக்குள் அடங்கின. ஈரத்தோடு போராடுவதில் இதைவிடச் சிக்கனமான முறை இன்னும் வரவில்லை என்பது என் துணிபு. இதைப் பழம்பெருமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கிறது. நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள ஓர் அறையில் 48 கன மீற்றர் காற்று. அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர். இதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 430 கிராம் நீரை எடுத்தால் போதும். இது பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் அறை என்பது மூடிய போத்தல் இல்லை. கதவிடுக்காலும் சன்னலாலும் மணிக்கொரு முறை காற்று மாறினால், அந்த 430 கிராமும் ஒவ்வொரு மணிக்கும் திரும்பி வரும். நாளொன்றுக்குப் பத்து லீற்றர். ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,450 கிலோயூல் வெப்பம் தேவை. அந்த ஆவியைத் திரும்ப நீராக்கும்போது அதே வெப்பம் வெளிவரும், அதை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். நல்ல வீட்டு ஈரநீக்கி ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு லீற்றர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஓர் அறைக்கு நாளுக்கு ஐந்து அலகு. ஊற்று வற்றினால் இறைப்பு முடியும். இங்கே ஊற்று வங்காள விரிகுடா.

இனி நெல்லைப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு நெல்லில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். கெடாமல் இருக்க அது 14 சதவீதத்துக்கு வரவேண்டும். ஆயிரம் கிலோ நெல்லிலிருந்து இதற்காக எடுக்கவேண்டிய நீர் வெறும் 70 லீற்றர். அதையும் ஒரே தடவைதான் எடுக்கவேண்டும். கசிவுள்ள ஒரேயொரு அறையின் காற்றை ஒரு வாரம் உலர்த்துகிற வேலையும், ஒரு குடும்பம் பல மாதம் உண்ணக்கூடிய நெல்லை உலர்த்துகிற வேலையும் அளவில் ஒன்று. நெல்லை உலர்த்தி ஈரம் புகாத இடத்தில் வைத்துவிட்டால், சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் கவலையில்லை. பொருளை விட்டுவிட்டுக் காற்றைத் துரத்துகிறவர் கடலையே உலர்த்தப் புறப்பட்டவராகிறார். பழைய யாழ்ப்பாணம் இந்தக் கணக்கை எழுதிப் பார்க்கவில்லை; எழுதிப் பார்த்தாலும் விடை வேறாக வந்திருக்காது.

இங்கே முதல் மறுப்பு வரும். காற்றே ஈரமாக இருக்கிற குடாநாட்டில், அந்தக் காற்றைக் கொண்டு எதை உலர்த்த முடியும்? கேள்வி நியாயமானது. மட்டக்களப்புப் பக்கத்துக்கு வைகாசி, ஆனியில் வருகிற கச்சான் காற்று மத்திய மலைகளில் ஏறி மழையை அங்கேயே இறக்கிவிட்டு, மறுபுறம் சூடாகவும் வறட்சியாகவும் இறங்குகிறது. யாழ்ப்பாணத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே வீசும் தென்மேற்குக் காற்றான சோளகம் பெரும்பாலும் கடல்வழியே வருவது. மழை தராது, ஆனால் அதை உலர்ந்த காற்று என்றும் சொல்ல முடியாது. மறுமொழி வெயிலில் இருக்கிறது. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்றைப் பத்துப் பாகை சூடாக்கினால், ஒரு துளி நீரைக்கூட அதிலிருந்து எடுக்காமலே ஈரப்பதன் 46 சதவீதமாகிவிடும். இருபது பாகை சூடாக்கினால் 28 சதவீதத்துக்கும் கீழே போகும். நீர் எங்கும் போகவில்லை. காற்றின் கொள்ளளவுதான் பெருகியது. சாணம் மெழுகிய முற்றத்திலோ வெண்மணலில் விரித்த பாயிலோ நடுப்பகலில் பொருளை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் இந்த நிலையில்தான் இருக்கிறது. அது நீரை வாங்கி நிறைந்ததும் சோளகம் அதைத் தள்ளிவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவரும். சூடாக்குவது வெயில், மாற்றிவிடுவது காற்று. இலங்கையின் வடபகுதியில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு விழும் சூரிய வெப்பம் சராசரியாக ஐந்து அலகு மின்சாரத்துக்குச் சமம். பத்துச் சதுர மீற்றர் முற்றத்தில் ஐம்பது அலகு. மேலே சொன்ன 70 லீற்றரை ஆவியாக்க வேண்டிய வெப்பமும் ஐம்பது அலகுக்குள்தான். எல்லா வெப்பமும் நீருக்குள் போகாது, பாதிக்கு மேல் வீணாகும். ஆகையால் ஒரு நாளில் முடிவது மூன்று நாளாகும். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

வெயில் எப்போதும் இருக்காது என்பதால்தான் நாட்காட்டி முக்கியமாகிறது. குடாநாட்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்கிறது. அந்த மாதங்களை விட்டு இருபுறமும் உலர்த்தலை வைத்ததில் பனையைப் போலத் துல்லியமான சான்று வேறில்லை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். அது சோளகக் காலம். பழத்தைப் பிசைந்தெடுத்த களியைப் பாயில் மெல்லிய படையாகப் பூசி, அது காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த படை, அதன்மேல் இன்னொன்று என்று நாட்கணக்கில் பூசிப் பனாட்டாக்குவார்கள். இதில் ஓர் அறிவு ஒளிந்திருக்கிறது. களியை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேற்புறம் தோலாகக் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்பட்டுப் புளிக்கும். பொருளுக்குள்ளிருந்து நீர் மேற்பரப்புக்கு வருகிற வேகந்தான் உலர்த்தலின் உண்மையான தடை. படையை மெல்லியதாக்கினால் தடை நீங்கும். இன்றைய உணவுத் தொழிற்சாலைகள் பழக்கூழை மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்துவதும் இதே காரணத்துக்காக. காய்ந்த பனாட்டைத் துண்டுகளாக்கிப் பனம்பாணியில் இட்டு வைப்பதும் உண்டு. பாணியில் சர்க்கரை மிகுந்திருப்பதால் அதிலுள்ள நீர் பூஞ்சணத்துக்குக் கிடைக்காது; ஈரமான ஒன்றுக்குள் போட்டு ஈரத்திலிருந்து காப்பாற்றுகிற விந்தை அது.

களியெடுத்த பின் மிஞ்சும் கொட்டை வீணாவதில்லை. மழைக்கு முன்பே அதைப் பாத்தியில் அடுக்கிவிடுவார்கள். மாரி முழுவதும் மண்ணுக்குள் கிழங்கு விளையும். மற்றெல்லாம் நனைந்து கெடுகிற மூன்று மாதம் இதற்கு மட்டும் வளர்ச்சிக் காலம். தையிலும் மாசியிலும் பாத்தியைக் கிண்டும்போது மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கும், வானம் வெளித்திருக்கும். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். பங்குனிக்குள் அது கையால் ஒடிக்கும்போது சத்தம் போடுகிற அளவுக்கு வறண்டுவிடும். அந்தச் சத்தமே பரிசோதனை. பிறகு அடுத்த மாரியிலும் கூழுக்கும் பிட்டுக்கும் அது இருக்கும். ஒரே மரத்தின் விளைச்சலை மழையின் இரு கரைகளிலும் பிரித்து வைத்து, நடுவிலுள்ள ஈரமாதங்களை மண்ணுக்கடியில் கழித்துவிடுகிற ஏற்பாட்டில் எரிபொருட் செலவு கிழங்கு அவிக்கிற அடுப்போடு சரி. அந்த அடுப்பிலும் பெரும்பாலும் எரிந்தது பனையின் ஓலையும் மட்டையும் ஊமலுந்தான்.

புகையிலை வேறு கதை. யாழ்ப்பாணத்து விவசாயம் காசைக் கண்டது அதில்தான். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வாய்க்குப் போடும் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தையாக இருந்தது. அங்கே புகையிலை வணிகம் அரசரின் ஏகபோகமாக இருந்த காலத்திலும் சரக்கு இங்கிருந்து போனது. வடகரைத் துறைகளின் தோணிகளுக்கு அது முக்கியமான ஏற்றுமதி. தடித்த, பசையுள்ள அந்த இலையை வெறும் வெயிலில் போட்டால் ஓரம் நொறுங்கும், நரம்பு அழுகும். ஆகவே மூடிய குடிலுக்குள் இலையைத் தொங்கவிட்டு, கீழே பொச்சுமட்டையைக் கனலவிட்டு, மெதுவான சூட்டிலும் புகையிலும் பதப்படுத்தினார்கள். எரிபொருளைக் கொண்டு அடைத்த இடத்துக் காற்றை மாற்றியமைத்த இடம் இந்த ஊர்களில் இதுவாகத்தான் இருக்கும். அங்கும் காற்றிலிருந்து நீரை எடுக்கவில்லை. சூடாக்கி அதன் தாகத்தைக் கூட்டினார்கள், அவ்வளவே. இதில் நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. நன்றாகக் காய்ந்த புகையிலையைக் கையால் தொட்டால் தூளாகும். அதை இறக்கவும் அடுக்கவும் சிப்பம் கட்டவும் இலை கொஞ்சம் துவள வேண்டும். அதற்கு இரவுப் பனியும் விடியற்காலை ஈரமும் உதவின. பகல் எடுத்த நீரில் ஒரு சிறு பங்கை இரவு திருப்பிக் கொடுக்க, இலை தோல்போல் வளைந்தது. ஈரத்தை எதிரியாக மட்டும் பார்த்த ஒருவருக்கு இந்த வேலை ஓடியிருக்காது. பகலும் இரவும் எதிரெதிராக வேலை செய்கிற காற்றை ஒரே தொழிலின் இரு கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர்கள் காற்றின் கணக்கை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

வல்வெட்டித்துறையின் பெயரை வெளியுலகம் அறிந்தது பாய்க்கப்பலால். ரங்கூன், அக்கியாப், சிற்றகொங், நாகபட்டினம், தூத்துக்குடி என்று அதன் கப்பல் தலைவர்களான தண்டையல்கள் ஓடினார்கள். பனைமரமும் புகையிலையும் போயின, அரிசியும் தேக்கும் ஓடும் வந்தன. அந்தக் கப்பல்கள் ஊரிலேயே, கடற்கரை மணலிலேயே கட்டப்பட்டன. 1930களில் இங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார், வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச்சென்று 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையில் சேர்த்தார்கள். வேப்பமரப் பலகையால் ஆன ஒரு கலம் அத்திலாந்திக்கைக் கடந்ததைச் சாகசமாக நினைவுகூர்கிறோம். அதற்குப் பின்னாலும் ஈரத்தைப் பற்றிய அறிவு இருக்கிறது. பச்சை மரத்தில் கப்பல் கட்டினால் அது காயும்போது முறுகி வெடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்த மரத்தை இடைவெளியின்றி இறுக்கினால் கடலில் இறங்கியதும் ஊதி ஆணியைப் பிடுங்கும். கப்பல் கட்டும் ஓடாவி பலகையைக் காற்றோட்டமுள்ள நிழலில் பதமாக வைத்து, இணைப்பில் சிறு இடைவெளி விட்டு, அதற்குள் நாரை அறைந்து குங்கிலியமும் எண்ணெயும் கலந்து கலப்பத்துப் பண்ணுவார். கடலில் இறங்கியபின் பலகை நீரை வாங்கிப் பருத்து அந்த இடைவெளியைத் தானாகவே நெருக்கிவிடும். வருடத்தில் சில மாதம் கரையேற்றி வைத்த கலம் வாய்பிளந்து நின்றாலும், கலப்பத்தைப் புதுப்பித்து இறக்கினால் மறுபடி அடைபடும். புகையிலைக் குடிலில் பார்த்த அதே அறிவு இது.

சரக்குத் தட்டிலும் ஈரத்துக்கே முதல் அக்கறை. வெப்பமான பகலில் ஏற்றிய அரிசி மூட்டைகள் தாமும் மூச்சுவிட்டு ஆவியைக் கக்கும். இரவில் தட்டுப்பலகை குளிர்ந்தால் அந்த ஆவி பலகையில் வியர்த்துச் சொட்டும். 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்று நான்கு பாகை குளிர்ந்தாலே நீர்த்துளி படியும் என்பதை வைத்துப் பார்த்தால், கடலில் இது நாள்தோறும் நடக்கக்கூடியது. இயந்திரமில்லாத கலத்தில் இதற்கு இருந்த மருந்து இரண்டே: நன்கு காய்ந்த சரக்கை மட்டும் ஏற்றுவது, ஈரமாதங்களைத் தவிர்ப்பது. இரண்டாவதைக் குறித்து ஒருவர் கேட்கலாம்: தென்மேற்குக் காற்றில் பர்மாப் பக்கம் போய் வடகிழக்குக் காற்றில் திரும்பியது பாய்க்குக் காற்று வேண்டும் என்பதால்தானே, சரக்குக் காயவேண்டும் என்பதற்காகவா? முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பாய்தான் காரணம். ஆனால் காற்றையும் மழையையும் ஒரே பருவமே ஆட்டிவைப்பதால், பாய்க்காக வகுத்த நாட்காட்டி சரக்குக்கும் ஒத்துப்போனது. ஐப்பசி, கார்த்திகைப் புயல்மாதங்களில் கலங்கள் ஒதுங்கி நிற்பதற்கு முன்பே, சோளகம் முழுவதும் காய்ந்த சரக்கு துறையில் வந்து குவிந்திருக்கும். தெரிந்து திட்டமிட்டதா, ஒத்திசைந்து வந்ததா என்று வரலாறு எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை. பலன் ஒன்று.

உலர்த்துவது பாதி வேலைதான். மூடிவைப்பது மீதிப் பாதி. இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. பனையோலையால் இழைத்த கொம்மறையிலோ காலுயர்த்திய மரப்பெட்டகத்திலோ நெல் கிடந்தது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் தொடாதபடி அவை உயரத்தில் வைக்கப்பட்டன. விதைப் பயறு சாம்பலோடு கலந்து பானைக்குள் அடைபட்டது. காய்ந்த சாம்பல் ஈரத்தையும் உறிஞ்சும், வண்டையும் அண்டவிடாது. விதை வெங்காயம் மட்டும் இதற்கு விலக்கு. அதற்குள் உயிரும் நீரும் உண்டு, அடைத்தால் அழுகும். ஆகவே அதைப் பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள குடிலில் தொங்கவிட்டார்கள். எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்ற இந்தப் பகுப்பு சின்ன விடயமில்லை. மழைநாட்களில் கைகொடுத்தது அடுப்பு. வீட்டிலிருந்து தள்ளி நின்ற குசினியில் எப்படியும் சமையல் நடக்கும். அந்த வெப்பம் எப்படியும் கூரைக்குத்தான் போகும். போகிற வழியில் பரண் ஒன்றைக் குறுக்கே வைத்து, உப்பும் மிளகாயும் விதையும் கருவாடும் அதன்மேல் ஏறின. ஒரு வேலைக்காக எரித்த விறகின் மிச்ச வெப்பத்தை இன்னொரு வேலைக்குக் கறந்துகொள்வதைப் பொறியியலாளர் இன்று கழிவுவெப்ப மீட்பு என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் இலவசமாகக் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. மின்சாரச் செலவு இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. ஒடியல் பிளந்து விரித்துக் காகம் விரட்டி, மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளி, வெளித்தால் மறுபடி விரித்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. பனையோடு கட்டுண்ட உழைப்பைச் சாதியின் பெயரால் சிலர் தலையிலேயே கட்டிவைத்து, அதற்குரிய மதிப்பைத் தராமல் வாங்கிக்கொண்டது யாழ்ப்பாணச் சமூகம். அந்த உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் பழைய முறை மலிவானதாகத் தெரியாது. இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. ஆனால் அது குறை சொல்வது உழைப்பின் ஏற்பாட்டை. உலர்த்தலின் தத்துவத்தை அது தொடவில்லை. மேகம் கறுக்கும்போது ஓடவேண்டியிருந்தது கூரை இல்லாததால். ஒளி புகும் கூரையிட்ட சூரிய உலர்த்தியில் அதே வெயில், அதே காற்று, ஆனால் ஓட்டமில்லை, காகமில்லை, தூசியுமில்லை. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை போன்றவை இருக்கும் நாட்டில் இத்தகைய உலர்த்தி முற்றத்துக்கு முற்றம் இன்னும் போய்ச்சேரவில்லை என்பது கொள்கையின் தவறு. வெயில் என்ன செய்யும்?

இன்னொரு மறுப்பு வலுவானது. ஒடியலுக்குப் பொருந்துவது மருந்துக்கும் கணினிக்கும் நூலகத்துக்கும் பொருந்துமா? ஓலைச்சுவடியை அடுக்களைப் புகையில் தொங்கவிட்டுக் காத்தது ஒரு காலம். அச்சுப் புத்தகத்தைப் பரணில் ஏற்ற முடியாது. சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்று ஈரமாக இருந்தால் அதை உலர்த்தித்தான் ஆகவேண்டும். உண்மை. ஆனால் இந்தத் துறையில் சிக்கனம் தேடியவர்கள் போன திசையைப் பாருங்கள். 1902இல் வில்லிஸ் கரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காகத் தன் குளிரூட்டியை வடிவமைத்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட சிக்கல் வெப்பமில்லை. ஈரத்தால் தாள் நீண்டு சுருங்கி நிறங்கள் விலகியதுதான். காற்றைப் பனிபடுநிலைக்குக் கீழே குளிரவைத்து நீரைச் சொட்டவிடுவது அவர் கண்ட வழி. அது வேலை செய்தது; ஆனால் ஈரம் போகவேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேல் குளிரவைத்து, பிறகு சூடாக்கவும் வேண்டியிருந்தது. இரு வேலைகளை ஒரே இயந்திரத்தின் தலையில் ஏற்றியதன் விலை அது. பிறகு வந்த சிலிக்கா ஜெல்லும், 1955இல் சுவீடனில் கார்ல் முன்ரேர்ஸ் தொடங்கிய நிறுவனம் பரப்பிய சுழலும் உறிஞ்சுசக்கரமும், உப்புக்கரைசலால் காற்றைக் கழுவும் முறைகளும் ஈரத்தை வெப்பத்திலிருந்து பிரித்துக் கையாள்கின்றன. உறிஞ்சிய பொருளை மறுபடி காயவைக்க 60 முதல் 80 பாகை வெப்பம் பல இடங்களில் போதும். சூரியத் தகடும் இயந்திரக் கழிவுவெப்பமும் அதைத் தரும். உப்பு இரவில் உறிஞ்சிப் பகலில் காய்கிற அதே சுழற்சியை இயந்திரத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். அதற்கும் முதல் நிபந்தனை ஒன்றே: இடத்தை முதலில் இறுக்கி மூடு. கசிகிற அறைக்கு எந்த இயந்திரமும் சிக்கனமாகாது.

இந்த ஒழுங்கு ஊரில் எப்போது குலைந்தது? வணிகம் முதலில் போனது. 1948க்குப் பிறகு இலங்கை, இந்தியக் கரைகளுக்கு நடுவே சுங்கமும் கடவுச்சீட்டும் இறுகியபோது பாய்க்கப்பலின் காலம் முடிந்தது. நீராவிக் கப்பலோடு அது ஏற்கெனவே போட்டிபோட முடியாமல் இருந்தது. போர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான மின்வழி அறுந்து, குடாநாடு பல வருடம் நாட்டின் மின்தொடருக்கு வெளியே கிடந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத அந்த வருடங்களில் ஒடியலும் கருவாடும் புழுக்கொடியலும் மீண்டும் தேவையாயின. பழைய அறிவு முற்றாக மறக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. பிறகு மின்சாரம் வந்தது, வெளிநாட்டுப் பணமும் வந்தது, வீடும் மாறியது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் ஈரத்தை இரவில் வாங்கிப் பகலில் விட்டது. சீமெந்தும் வர்ணமும் பூசிய சுவர் அந்த மூச்சை நிறுத்தியது. குளிரூட்டி பூட்டிய அறையின் சன்னல் சரியாக மூடுவதில்லை, மூடும் அறையில் குளிரூட்டி அளவுக்கு மிஞ்சியது. பழைய வீடு திறந்திருக்கத் தெரிந்தது, பழைய பெட்டகம் மூடியிருக்கத் தெரிந்தது. புதிய அறை இரண்டுக்கும் நடுவில் நின்று மின்கட்டணம் கட்டுகிறது.

கடற்கரை வீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் இனி என்ன வைப்பது என்று தீர்மானிக்கிறவர்கள், இந்த வரிசையைத் தலைகீழாக்காமல் இருந்தால் போதும்: பொருளை வெயிலில் உலர்த்துவது, உலர்ந்ததை மூடுவது, அதற்குப் பிறகும் தேவைப்படும் சிறு இடத்துக்கு மட்டும் இயந்திரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சியில் அருகருகே இருக்கின்றன. ஒரு கொம்மறைக்குள்ளும், ஒரு புகையிலைக் குடிலுக்குள்ளும், அடுப்புக்கு மேலுள்ள ஒரு பரணிலும் ஈரமானியை ஒரு முழு வருடம், சோளகமும் மாரியும் அடங்கலாக, வைத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். குடில் கட்டவும் கலப்பத்துப் பண்ணவும் தெரிந்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அளப்பதை இந்த வருடமே தொடங்க வேண்டும்.